விழுந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா?

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புராஸ்டேட் வீக்கம் மூன்றும் உண்டு. மூன்றுக்கும் தனித்தனி டாக்டர்கள். மாதாமாதம் ஓ.பி.யில் காட்டி வருகிறோம். கடந்த நான்கு மாதத்தில் அப்பா இரண்டு முறை விழுந்துவிட்டார். முதல் முறை, ராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்தபோது. இரண்டாவது முறை ஆஸ்பத்திரியிலேயே. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர், பெயரைக் கூப்பிட்டதும் சட்டென்று எழுந்து நாலடி நடந்தார், விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. "கால் தடுக்கிடுச்சு, அவ்வளவுதான். டாக்டர்கிட்ட சொல்லாதே" என்கிறார். மூன்று டாக்டர்களும் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். தூக்க மாத்திரையையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை சாப்பிடுகிறார். இது வயதால் வருவதுதானா? நடமாட்டத்தைக் குறைத்து உட்கார வைத்துவிடலாமா? இதற்கு எந்த டாக்டரிடம் போக வேண்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

"மூன்று டாக்டர்களும் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். சர்க்கரை பார்ப்பவர் சர்க்கரையைப் பார்த்தார். அழுத்தம் பார்ப்பவர், அப்பாவை உட்கார வைத்து அழுத்தம் பார்த்தார். புராஸ்டேட் பார்ப்பவர் சிறுநீர் சரியாகப் போகிறதா என்று கேட்டார். அப்பா விழுந்தது மட்டும் யாருடைய சீட்டிலும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதியோர் மருத்துவராகப் பல வருடங்களாக ஓ.பி.யில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. விழுந்த முதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அதை டாக்டரிடம் சொல்வதே இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். 80ஐத் தாண்டினால் இருவரில் ஒருவர் என்றே சொல்லலாம். ஒரு முறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு, விழாதவரைப் போல இரண்டு மடங்கு. அப்பா ஏற்கெனவே இரண்டு முறை விழுந்துவிட்டார். அதனால் எலும்பு முறியவில்லை என்பதோடு இதை விட்டுவிட முடியாது.

முதலில் வயதைப் பற்றிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க முதியோர் மருத்துவர் மேரி டினெட்டியும் அவரது குழுவினரும் 1988இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 336 பேரை ஒரு வருடம் கவனித்தார்கள். தூக்கம் அல்லது மயக்கம் தரும் மருந்து, நினைவுத் திறன் குறைவு, கால் பலவீனம், நடையிலும் சமநிலையிலும் தடுமாற்றம், பாதப் பிரச்சினை என்று விழுவதற்கு வழிசெய்யும் காரணங்களைக் கணக்கெடுத்தார்கள். ஒரு காரணமும் இல்லாதவர்களில் 8 சதவீதம் பேர்தான் விழுந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் இருந்தவர்களில் 78 சதவீதம் பேர் விழுந்தார்கள். எல்லாருமே 75ஐத் தாண்டியவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்குள் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது, காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்ததுதான். வயதைக் குறைக்க நம்மால் ஆகாது. ஆனால் நான்கு காரணங்களை இரண்டாகக் குறைக்க முடியும். ஓ.பி.யில் நான் செய்கிற வேலையில் பாதி இதுதான்.

அப்பா விழுந்த இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று ராத்திரி வீட்டில், இன்னொன்று பகலில் ஆஸ்பத்திரியில். ஆனால் இரண்டுமே, நெடுநேரம் படுத்தோ உட்கார்ந்தோ இருந்துவிட்டு எழுந்த சில நொடிகளில் நடந்தவை. இதைப் படித்ததும் எனக்குத் தோன்றிய முதல் சந்தேகம், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்கிப்போகிறதோ என்பதுதான்.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக் குழாயில் இருக்கும் உணர்விகள் அதை உடனே கண்டுபிடித்து, இதயத்தை வேகமாக அடிக்கச் சொல்லி, குழாய்களையும் சுருக்கச் சொல்லும். அதனால் மூளைக்குப் போகும் ரத்தம் குறையாது. வயதானால் இந்த வேலை மெதுவாக நடக்கும். பல வருடச் சர்க்கரை இந்த நரம்புகளையும் கெடுத்திருந்தால் இன்னும் மெதுவாகும். இதற்கு மேல் அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி ஒன்று. இவை வெவ்வேறு டாக்டர்கள் எழுதியவையாக இருக்கும், மூன்றுமே நின்ற நிலையில் அழுத்தத்தை இறக்கக்கூடியவை. தனித்தனியாக ஒவ்வொன்றும் சரியான மருந்துதான். சேர்ந்து என்ன செய்கின்றன என்று பார்க்கத்தான் ஆள் இல்லாமல் போகிறது. அப்பாவின் மருந்துப் பெயர்களை நீங்கள் எழுதவில்லை. பையை எடுத்துப் பாருங்கள், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து அழுத்தம் பார்க்க வேண்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் பிரச்சினை இருக்கிறது என்று அர்த்தம். நெரிசலான ஓ.பி.யில் இதற்கு நேரம் ஒதுக்குவது சிரமம்தான். நீங்களாகவே கேளுங்கள்: "நிற்க வைத்து ஒரு தடவை பி.பி. பாருங்க டாக்டர்." கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் கருவி இருந்தால் நீங்களும் பார்க்கலாம், ஆனால் பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க வேண்டும். ஒரு முறை சரியாக இருந்தால் போதாது. காலையில் ஒரு முறை, மாத்திரை போட்டபின் ஒரு முறை என்று பார்ப்பது நல்லது.

"கால் தடுக்கிடுச்சு" என்கிறாரே, அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. அழுத்தம் இறங்கும்போது எல்லாருக்கும் தலை சுற்றுவதில்லை. சிலருக்கு ஓரிரு நொடி நினைவு தப்பும், பிறகு அந்த நொடிகள் ஞாபகத்திலேயே இருக்காது. தரையில் கிடப்பது மட்டும் தெரியும், தடுக்கியிருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்வார்கள். அதனால் எதில் தடுக்கியது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். சொல்ல முடிகிறதா? கீழே விழும்போது கையை ஊன்றினாரா, அல்லது முகமோ தலையோ நேராக மோதியதா? கையை ஊன்றாமல் விழுந்திருந்தால் நினைவு தப்பியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும், ஈ.சி.ஜி.யும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் விழுந்தபோது அவர் முகம் வெளிறியதா, கூப்பிட்டதற்கு உடனே பதில் சொன்னாரா என்று நீங்கள் பார்த்ததையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்தவர் சொல்வது எங்களுக்குப் பல பரிசோதனைகளைவிட உதவும்.

அடுத்தது அந்தத் தூக்க மாத்திரை. ஒன்பதில் எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். அல்பிரசோலம், குளோனசெபாம், டயசெபாம், சோல்பிடெம் போன்றவை தசையைத் தளர்த்தும், எதிர்வினையை மந்தப்படுத்தும். வயதான உடம்பிலிருந்து இவற்றில் பல மெதுவாகத்தான் வெளியேறும், சிலவற்றின் மப்பு மறுநாள் வரைகூட நீடிக்கும். ராத்திரி 2 மணிக்குச் சிறுநீர் முட்டி எழுபவர் பாதித் தூக்கத்தில், இருட்டில், அழுத்தம் இறங்கிய நிலையில் அவசரமாக நடக்கிறார். முதல் தடவை விழுந்தது ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும். ஆனால் ஒன்று: அதை நீங்களாக இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென நிறுத்தினால் தூக்கம் முழுதாகக் கெடும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரலாம். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இதே வகையில் சேரும் இன்னொன்று, சளிக்கும் அரிப்புக்கும் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரைகள். குளோர்பெனிரமின் கலந்தவை முதியவர்களுக்குத் தூக்கக் கலக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு எல்லாம் தரும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்கு அது தேவையே இல்லை.

எனவே அடுத்த முறை சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், சொட்டு மருந்தையும், பழைய அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய் மேசையில் கொட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு டாக்டர் சீட்டிலிருந்து வந்து, இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை நான் பல முறை பார்த்திருக்கிறேன். அந்தப் பையைப் பிரிக்கும் ஐந்து நிமிடத்தில் தெரிவது வேறு எந்தப் பரிசோதனையிலும் தெரிவதில்லை.

ஓ.பி. நாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு விழுவதற்கான காரணங்கள் எல்லாம் கூடி வருகின்றன. முந்தின ராத்திரியிலிருந்து சாப்பாடு இல்லை. சிலர் சிறுநீர் வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. பழக்கத்தில் அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் போட்டிருப்பார்கள். சிலர் வெறும் வயிற்றிலேயே சர்க்கரை மாத்திரையும் போட்டுவிடுவார்கள். கிளிமெபிரைடு வகை மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து கைகால் நடுங்கி விழுவார்கள். அப்புறம் இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருவது. பெயர் கூப்பிட்டதும், தாமதித்தால் வரிசை போய்விடுமோ என்று பதறி எழுவது. கையில் ஃபைல், பக்கத்தில் பிடிக்க ஒன்றும் இல்லாத வழுவழுத் தரை. அப்பா அன்று விழுந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இனி இப்படிச் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு முன் எந்த மாத்திரையைப் போடலாம், எதைச் சாப்பிட்டபின் போட வேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வெறும் வயிறு என்றாலும் வெறும் தண்ணீர் பொதுவாகக் குடிக்கலாம், அதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ரத்தம் கொடுத்ததும் சாப்பிட ஏதாவது கையோடு இருக்கட்டும். உட்கார்ந்திருக்கும்போது கால் விரல்களையும் குதிகாலையும் மாற்றி மாற்றித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள். பெயர் கூப்பிட்டால் பதில் நீங்கள் சொல்லுங்கள், ஃபைலையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அப்பா எழுந்து, நாற்காலியைப் பிடித்தபடி பத்து எண்ணி, பிறகு நடக்கட்டும். கண் டாக்டரிடம் போய்க் கண் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடும் நாளில் பல மணி நேரத்துக்குப் பார்வை மங்கும், கண் கூசும். அன்றைக்குப் படிக்கட்டில் தனியாக இறங்க விட வேண்டாம்.

கண்ணும் பாதமும் இதில் சேர்த்திதான். கண்புரை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி அணிபவர் என்றால், கீழே பார்க்கும்போது படியின் விளிம்பு கலங்கித் தெரியும். வெளியே நடக்கத் தூரப்பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி நல்லது. பாதத்தில் மதமதப்போ எரிச்சலோ இருக்கிறதா என்று கேளுங்கள். சர்க்கரையால் நரம்பு கெட்ட பாதத்துக்குத் தரை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் இப்படி ஆகலாம். அது ரத்தத்தில் பார்க்கக்கூடியது, சரிசெய்யக்கூடியது.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். கை வைத்த நாற்காலியில் அப்பா உட்காரட்டும். எழுந்து, மூன்று மீட்டர் தன் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து மறுபடி உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே நடக்க வேண்டும். 12 நொடிக்கு மேல் ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. நொடியைவிட நான் அதிகம் கவனிப்பது, கையை ஊன்றாமல் எழ முடிகிறதா, திரும்பும்போது தடுமாறுகிறாரா என்பதைத்தான். இன்னொன்று, நடக்கும்போது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பதில் சொல்வதற்காக நின்றுவிடுகிறார் என்றால், நடப்பதற்கே அவருடைய கவனம் முழுவதும் தேவைப்படுகிறது.

சரி, உட்கார வைத்துவிடலாமா என்ற கேள்வி. வேண்டாம். அன்பால்தான் கேட்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் விழுந்துவிடுவார் என்று உட்கார வைத்தால் சில வாரங்களிலேயே தொடைத் தசை கரையும், சமநிலை குறையும், பயம் கூடும். பயந்து நடப்பவரின் நடையே மாறிவிடும், அதனாலேயே விழுவார். மாறாக, சமநிலையும் கால் பலமும் கூட்டும் பயிற்சி, முதியவர்கள் விழுவதை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது. இது பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துக் கண்டது. நடைப்பயிற்சி நல்லதுதான், ஆனால் இதற்கு அது மட்டும் போதாது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, உறுதியான மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை வைத்து நிற்பது போன்றவை வேண்டும். ஒரு பிசியோதெரபிஸ்ட் அப்பாவைப் பார்த்து, எதில் தொடங்கலாம் என்று சொல்லட்டும். நின்ற அழுத்தத்தைப் பார்த்துச் சரிசெய்த பிறகு தொடங்குவது நல்லது. கைத்தடி தேவையா, எவ்வளவு உயரம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அடுத்தவருடைய தடியை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வீட்டு ஏற்பாடுகள் உங்களுக்கே தெரிந்தவைதான். படுக்கையிலிருந்து கழிவறை வரை ராத்திரி விளக்கு, கழிவறையில் சுவரோடு பதித்த கைப்பிடி, தரையில் சுருளும் விரிப்பும் ஒயரும் இல்லாமல் இருப்பது, குதிகாலில் பட்டி உள்ள வழுக்காத செருப்பு. இவற்றோடு கட்டில் பக்கத்தில் ஒரு சிறுநீர்க் குவளை வையுங்கள். அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும், ஆனால் ராத்திரி நடையைக் குறைக்கும். நீர் மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறார் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எந்த டாக்டர்? முதியோர் மருத்துவர் கிடைத்தால் அவர். இல்லையென்றால் மூவரில் அப்பாவை முழுதாக அறிந்த ஒருவரிடம் அல்லது ஒரு பொது மருத்துவரிடம், "இந்த ஒன்பதையும் சேர்த்துப் பார்த்து எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். மற்ற இருவருக்கும் அவர் ஒரு குறிப்பு எழுதித் தரட்டும். எலும்பு வலிமையையும் அவரே பார்க்கட்டும், எலும்புத் தேய்மானம் பெண்களுக்கு மட்டும் வருவதல்ல.

இடையில் மறுபடி விழுந்து தலையில் அடிபட்டால், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், காயம் வெளியே தெரியாவிட்டாலும் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மூளையைச் சுற்றிக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்தும் தலைவலியாக, மந்தமாக, நடை மாற்றமாக வரலாம். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலித்து காலை ஊன்ற முடியவில்லை என்றால் நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். நினைவு தப்பினாலும் காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, "டாக்டர்கிட்ட சொல்லாதே" என்றது. அவர் பயப்படுவது டாக்டருக்காக அல்ல என்று நினைக்கிறேன். சொன்னால் வெளியே விட மாட்டார்கள், தனியாகக் குளிக்க விட மாட்டார்கள் என்று பயப்படுகிறார். என்னிடம் வருகிற பலரும், தனியாக இருக்கும்போதுதான் இதை ஒத்துக்கொள்வார்கள். அதனால் அவருக்குத் தெரியாமல் நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். "உங்களை உட்கார வைக்க இல்லப்பா, நீங்க நடக்கிறது நிக்கக்கூடாதுன்னுதான்" என்று முதலில் அவரிடம் பேசுங்கள். பிறகு ஒரு தாளில் இரண்டு தடவையும் எங்கே, எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார், எந்த மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள். அடுத்த ஓ.பி. நாளில் அந்தத் தாளை அப்பா கையிலேயே கொடுங்கள். அவரே சொல்லட்டும், விட்டுப்போனதை நீங்கள் பக்கத்தில் இருந்து சேர்த்துச் சொல்லுங்கள். நின்ற அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள்.